மூன்று ஏக்கர், இரண்டரை லட்சம்: போர் போடுவதா, குட்டை வெட்டுவதா?

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். "பாப்பா, கிணத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல மோட்டார் ஓட மாட்டேங்குது. போர்க்காரர் வந்து பார்த்துட்டுப் போனார். 500 அடி இறக்கினா தண்ணி வரும்ங்கறார். போட்டுடலாமா?"

நிலம் திருத்தணிக்குப் பக்கத்தில், மூன்று ஏக்கர். பயிர் செய்வது அண்ணனும் அண்ணியும். நான் வில்லிவாக்கத்தில் குடியிருக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறாவது மின்சார ரயில் ஏறி ஊருக்குப் போய் வருவேன். சீட்டு எடுத்த பணம் இரண்டரை லட்சம் என் கையில் இருந்தது. அதை நிலத்துக்குத்தான் செலவழிப்பது என்று இருவரும் முன்பே பேசி வைத்திருந்தோம். எதற்கு என்று மட்டும் முடிவாகவில்லை.

சரி, போட்டுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் இதே நிலத்தில் ஏற்கெனவே இரண்டு போர் போட்டாயிற்று. அப்பா காலத்தில் 180 அடியில் ஒன்று. 2017 கோடையில் 320 அடியில் இன்னொன்று. முதல் போர் கல்லைப் போட்டு மூடிக் கிடக்கிறது. இரண்டாவது, மழைக்காலம் முடிந்த பிறகு மூன்று மாதம் தண்ணீர் தரும், அப்புறம் காற்றுதான். மூன்றாவதுக்கு முன்னால் ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். அந்த ஒரு மாதத்தில் போட்ட கணக்குதான் இது. சென்னையில் வேலை, திருவள்ளூர் காஞ்சிபுரம் பக்கம் நிலம் என்று இருப்பவர்கள் என்னைச் சுற்றியே பலர் இருக்கிறார்கள். அவர்களும் ஒவ்வொரு கோடையிலும் இதே கேள்வியோடுதான் நிற்கிறார்கள்.

ரயிலில் அளந்த தண்ணீர்

தண்ணீரை லிட்டரில் சொன்னால் எனக்கு மனதில் நிற்பதில்லை. எனவே எனக்குத் தெரிந்த ஓர் அளவை எடுத்துக்கொண்டேன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, சென்னையே குடத்தோடு தெருவில் நின்றது. அந்த ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் எங்கள் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. ஊர்க்காரர்கள் திரண்டு போய்ப் பார்த்தோம். அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்து எத்தனை மாதம் ஆகியிருந்தது!

இப்போது நெல்லுக்கு வருவோம். ஒரு பருவத்து நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 4,047 லிட்டர். பெருக்கிப் பார்த்தால் ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டருக்கு மேல். அதாவது, வில்லிவாக்கத்துக்கு வந்த அந்த ரயில் இரண்டு நடை வந்தால்தான் ஒரே ஒரு ஏக்கர் நெல் விளையும். இதைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் கார்த்திகையில் சம்பா ஈரத்தைப் பார்த்த தைரியத்தில், நவரைக்கு இரண்டு ஏக்கர் நடுகிறவர்கள். நவரை என்பது மார்கழி, தையில் நட்டு சித்திரையில் அறுப்பது. அந்த மாதங்களில் மழை கிடையாது. நான்கு ரயில் தண்ணீரையும் கிணறும் போரும்தான் தர வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் மழை என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மூன்று ஏக்கரில் மட்டும் 1 கோடியே 20 லட்சம் லிட்டர் விழுகிறது. கிட்டத்தட்ட ஐந்து ரயில். பருவமழை பாதி பொய்த்தாலும் இரண்டரை ரயில். அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி வரப்பைத் தாண்டி ஓடையில் போய்ச் சேர்ந்துவிடுகிறது, இன்னொரு பகுதி வெயிலில் போகிறது. போர்க்காரர் தேடித் தருவதாகச் சொல்லும் தண்ணீரை இதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கேள்வி சரியாகப் புரிகிறது.

போர்

போரின் நன்மையை மறைக்கக் கூடாது. பயிர் கதிர் விடும் நேரத்தில் பத்து நாள் தண்ணீர் இல்லாமல் போனால் அதுவரை போட்ட உழைப்பு முழுதும் போச்சு. அப்போது ஒரு மணி நேரம் ஓடும் போர் இருந்தால் பயிர் பிழைக்கும். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் ஓட்டும் செலவும் தெரிவதில்லை. அண்ணன் போரைக் கேட்பது பேராசையால் இல்லை. 2016இல் நெல் கண்ணெதிரே காய்ந்ததைப் பார்த்தவர் அவர்.

ஆனால் எங்கள் பக்கம் கீழே பாறை. ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருப்பவர்களுக்கு மணலும் வண்டலும் அடுக்கடுக்காக இருக்கும், தண்ணீர் அதில் தேங்கி நிற்கும். எங்களுக்கு மேலே இருக்கும் உளுத்த பாறையில் கொஞ்சம், அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் கொஞ்சம். வெடிப்பு கிடைத்தால் யோகம், கிடைக்காவிட்டால் 500 அடியும் புகைதான் வரும். போர் போடும் கூலி, கேசிங் பைப், மோட்டார், கேபிள் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குக் குறையாது என்றார் போர்க்காரர். தண்ணீர் வராவிட்டாலும் அடிக்கணக்குக் கூலியைக் கொடுத்தாக வேண்டும். கையிலிருக்கும் மொத்தப் பணத்தையும் ஒரே துளையில் போடுகிறோம். அது பலிக்குமா என்பது பாறைக்குத்தான் தெரியும்.

ஆற்றுப் படுகைக்காரர்களுக்கு மட்டும் எல்லாம் சுகமா என்றால், அதுவும் இல்லை. மீஞ்சூர் பக்கம் பல ஆண்டுகளாக அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் நிலத்தடியில் 10 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே வந்துவிட்டது. அங்கே நல்ல தண்ணீர்க் கிணறுகள் உப்பாகிப் போயின. உப்பான நிலத்தடி நீரைத் திரும்ப நல்லதாக்குவது ஒரு தலைமுறையில் நடக்கிற காரியமா என்ன?

இன்னொன்றும் உண்டு. நாங்கள் 320 அடிக்குப் போனதும் பக்கத்து நிலத்துக்காரர் 400 போட்டார். இப்போது நாங்கள் 500 போட்டால் அவர் சும்மா இருப்பாரா? கீழே இருப்பது ஒரே தண்ணீர். யார் ஆழமாக உறிஞ்சுகிறார்களோ அவர்களுக்கு இரண்டு வருடம், அப்புறம் எல்லோருக்கும் இல்லை.

பயிரையும் விதைக்கும் பட்டத்தையும் மாற்றுவது

என் மாதம் முழுக்க இதில்தான் போனது. காரணம், இதற்குப் பணமே வேண்டாம், ஆனால் அண்ணனை ஒப்புக்கொள்ள வைப்பது 500 அடி தோண்டுவதைவிடக் கடினம்.

முதலில் கணக்கு. கேழ்வரகுக்குச் சுமார் 350 மில்லிமீட்டர் போதும். வேர்க்கடலைக்கு 500. உளுந்து, பயறு வகைகளுக்கு 300க்கும் குறைவு. நவரையில் இரண்டு ஏக்கர் நெல்லுக்குப் பதிலாக ஒரு ஏக்கர் கடலை, ஒரு ஏக்கர் கேழ்வரகு என்று வைத்தால் 97 லட்சம் லிட்டர் தேவைப்பட்ட இடத்தில் 34 லட்சம் போதும். மிச்சம் 63 லட்சம் லிட்டர், இரண்டரை ரயில். எந்தப் போரும் எங்களுக்கு இவ்வளவு தண்ணீரை உறுதியாகத் தரப்போவதில்லை.

அண்ணன் சொன்ன பதிலில் உண்மை இருந்தது. நெல்லுக்கு அரசின் நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. மூட்டையைக் கொண்டுபோய் இறக்கினால் விலை இன்னது என்று தெரியும். கடலைக்கு அறுவடை சமயத்தில் வியாபாரி சொன்னதுதான் விலை. பறிப்பதற்கு ஆள் கிடைக்காது. காட்டுப்பன்றி ஒரு ராத்திரியில் கால் ஏக்கரைக் கிளறிவிட்டுப் போகும். கேழ்வரகில் கதிர் முற்றும்போது குருவிக் கூட்டம் இறங்கும். அண்ணி தன் பங்குக்கு இரண்டு மாட்டையும் காட்டி, "வைக்கோலுக்கு எங்க போறது?" என்றார்.

இவற்றுக்கெல்லாம் என்னிடம் முழுப் பதில் இல்லை. கேழ்வரகுத் தாளும் கடலைக் கொடியும் மாட்டுக்கு நல்ல தீவனம்தான், கொடியை மாடு விரும்பியே தின்னும். கடலையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோனால் எடையும் விலையும் கண்முன்னே நடக்கும், கொஞ்சம் காயவைத்துக் காத்திருக்கலாம். பன்றிக்குத்தான் வழி தெரியவில்லை. ஆனால் தண்ணீர் இல்லாமல் காயப்போகிற நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருந்து என்ன பயன்? இதைச் சொன்னபோது அண்ணன் நீண்ட நேரம் பேசவில்லை.

நெல்லை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்லவில்லை. சம்பாவை விடக் கூடாது, அது மழையில் விளைகிற பயிர். ஆடி, ஆவணியில் விதைத்தால் தென்மேற்குப் பருவத்தில் வரும் இடிமழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்து பெரும்பகுதித் தேவையைத் தீர்த்துவிடும். அதிலும் எங்கள் பக்கத்துப் பழைய வழக்கமான புழுதி விதைப்பு எவ்வளவு அறிவான ஏற்பாடு என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. நாற்றங்காலுக்கும் சேற்றுழவுக்கும் தண்ணீருக்காகக் காத்திருக்காமல், காய்ந்த புழுதியில் நேராக விதைத்துவிடுவது. பயிர் முதல் மாதம் புன்செய்ப் பயிர்போல வளரும். ஏரியில் தண்ணீர் வந்த பிறகு வயலில் நீர் கட்டினால் போதும். களை அதிகம் வரும் என்பது உண்மைதான், அதற்குக் கூலி ஒதுக்க வேண்டும்.

விதையும் முக்கியம். திருவள்ளூர் அருகே திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'டி.கே.எம்.' என்று தொடங்கும் நெல் ரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை, அந்த எழுத்துகளே திரூர்க்குப்பம் என்ற ஊரைத்தான் குறிக்கின்றன. நம் மண்ணுக்கும் நம் மழைக்கும் பார்த்துப் பார்த்து எடுத்த ரகங்கள் வீட்டு வாசலில் இருக்க, எங்கோ வேறு மாவட்டத்தில் நன்றாக விளைந்தது என்று கேள்விப்பட்ட விதையைத் தேடி ஓடுகிறோம். மானாவாரிக்கும் புழுதி விதைப்புக்கும் எது சரி என்று அங்கே நேரில் கேட்டாலே சொல்வார்கள். விதையை ஒரு சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலில், அதாவது லிட்டருக்குப் பத்து கிராம், 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தால் முளைப்பு வலுவாக இருக்கும், தொடக்க வறட்சியைத் தாங்கும். செலவு சில நூறு ரூபாய்தான்.

நட்ட வயலிலும் எப்போதும் நீர் நிற்க வேண்டும் என்பதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெரியவர்கள் சொன்னதையே இன்று ஒரு துளையிட்ட குழாயை வைத்து அளந்து செய்கிறார்கள். ஒரு அடி நீள பிளாஸ்டிக் குழாயில் சுற்றிலும் ஓட்டை போட்டு, பாதியை மண்ணில் புதைத்து உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர் மட்டம் வயல் மண்ணுக்கு அரை அடி கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. கால் பங்குத் தண்ணீராவது மிச்சமாகும். குழாய்த் துண்டு எங்கள் வீட்டுப் பரணிலேயே கிடந்தது.

பட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம். எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது, என்ற பெயரைச் செய்தியில் கேட்டதும் வறட்சி என்று பயந்துவிடுகிறோம். தென்மேற்குப் பருவத்தை நம்பியிருக்கும் ஊர்களுக்கு அந்தப் பயம் நியாயம். நம்முடைய வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் அது சாதகமாகவே இருந்திருக்கிறது. சென்னை வெள்ளத்தில் மிதந்த 2015 வலுவான எல் நினோ ஆண்டு. நூறாண்டில் காணாத அளவு வடகிழக்குப் பருவமழை பொய்த்த 2016இல், அந்தப் பருவத்தின்போது எல் நினோ இல்லை. அண்ணனுக்கு இதைச் சொன்னதற்குக் காரணம், வாட்ஸ்அப்பில் வரும் பயத்தை வைத்து விதைப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்பதுதான். நுங்கம்பாக்கத்து வானிலை மையத்தின் அறிவிப்பைப் பார்த்தால் போதும்.

குட்டையும் கிணறும்

போருக்கு நேர் எதிரான யோசனை பண்ணைக்குட்டை. நூறடிக்கு நூறடி, ஐந்தடி ஆழம் என்று வெட்டினால், கரைச் சரிவு போக 11 லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கும். அரை ரயில்கூட இல்லை. ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் தண்ணீர் விட 2 லட்சம் லிட்டர் ஆகும், ஆகவே ஐந்து தண்ணீர், அதாவது ஐந்து முறை பாய்ச்சலாம். வெயிலில் நாளொன்றுக்கு ஐந்து, ஆறு மில்லிமீட்டர் ஆவியாகும், இரண்டு மாதம் வைத்திருந்தால் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் போய்விடும். எனவே உண்மையில் மூன்று, நான்கு தண்ணீர்தான். இடமும் கொடுக்க வேண்டும், குட்டைக்கு 23 சென்ட், கரையைச் சேர்த்தால் முப்பது.

இதைப் பார்த்ததும் குட்டையை ஒதுக்கிவிடத்தான் தோன்றியது. பிறகு யோசித்தேன். கதிர் விடும் நேரத்தில் பயிரைக் காப்பாற்றத் தேவைப்படுவது இரண்டு தண்ணீர். போரிடம் நாம் கேட்பதும் அதைத்தானே? அதைக் குட்டையும் தரும். பாறைக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று தெரியாது, ஆனால் ஐப்பசியில் மழை கொஞ்சமாவது பெய்யும் என்பது தெரியும். 50 மில்லிமீட்டர் மழை ஒரு நாள் பெய்து, அதில் கால் பங்கு ஓடி வந்தாலும் எங்கள் மூன்று ஏக்கரிலிருந்தே ஒன்றரை லட்சம் லிட்டர் வரும். அப்படி எட்டு மழை வந்தால் குட்டை நிரம்பும். மேட்டு நிலத்து நீரும் எங்கள் வழியாகத்தான் ஓடைக்குப் போகிறது என்பதால் அதற்கும் முன்பே நிரம்பலாம்.

குட்டையில் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. தண்ணீரைத் தேக்கி வைத்து மோட்டாரில் எடுப்பது ஒன்று. அதற்கு அடியில் களிமண் மெத்த வேண்டும், அல்லது தார்ப்பாய்போல் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு போட வேண்டும், செலவு கூடும். இன்னொன்று, தண்ணீரைக் கீழே இறங்கவிடுவது. எங்கள் பழைய திறந்த கிணறு நிலத்தின் தாழ்ந்த மூலையில் இருக்கிறது. குட்டையை அதற்கு மேட்டுப் பக்கம், விரிப்பு இல்லாமல் வெட்டினால் நீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறும். மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரை வெயில் குடிக்காது. எங்களைப்போல் மேலே உளுத்த பாறை, செம்மண் என்று இருக்கும் இடத்துக்கு இதுதான் பொருத்தம் என்பது என் முடிவு. களிமண் பூமிக்காரர்களுக்கு முதல் வகையே போதும், விரிப்புகூட வேண்டியிருக்காது.

இதோடு சேர்ந்தது கிணறு. எங்கள் கிணற்றில் எத்தனை வருடத்து மண்ணும் குப்பையும் சேர்ந்திருக்கிறதோ தெரியாது. 45 அடிக் கிணற்றில் இப்போது 36 அடிதான் இருக்கிறது. புதிதாக 500 அடி தோண்டுவதைப் பற்றி ஒரு மாதம் பேசிய நாங்கள், இருக்கும் கிணற்றில் தூர்ந்துபோன ஒன்பது அடியைப் பற்றி ஒரு நாள்கூடப் பேசியதில்லை.

வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகக் குட்டைக்கு மானியம் கிடைக்கும் ஆண்டுகள் உண்டு, நூறு நாள் வேலையில் வெட்டித் தந்த ஊர்களும் உண்டு. கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. ஆனால் மானியத்துக்காக ஐப்பசி தாண்டிவிட்டால் ஒரு வருட மழை போய்விடும்.

ஏரியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், அவ்வளவு இருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் எல்லாம் ஏரிகளால் வாழ்ந்த பூமி. ஊர் ஏரி நிரம்பினால் அடுத்த சில வாரத்தில் ஆயக்கட்டு, அதாவது ஏரிப் பாசன நிலத்துக் கிணறுகளில் நீர் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். எங்கள் ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் சீமைக் கருவேலத்தில் மூடிக் கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்யும் செலவை ஆயக்கட்டுக்காரர்கள் பங்கிட்டால் ஆளுக்குச் சில ஆயிரம்தான் வரும். பணம் சிறிது, சண்டை பெரிது. யார் நிலத்தின் மேல் கால்வாய் போகிறது, யார் எவ்வளவு ஆக்கிரமித்திருக்கிறார் என்று பேச்சு தொடங்கினால் முடியாது. ஆனாலும் இருக்கும் வழிகளில் ஒருவர் போட்டதில் ஊருக்கே பலன் வருவது இது ஒன்றுதான். அண்ணன் இந்த முறை கூட்டத்தில் எழுந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். இதற்கிடையே ஏரி வண்டலை நிலத்துக்கு எடுத்துக்கொள்ள வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம். செம்மண்ணில் வண்டல் சேர்த்தால் பெய்த மழையின் ஈரம் கூடுதல் நாள் நிற்கும், ஏரியும் ஆழமாகும்.

கோடை உழவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பார்கள். முதல் கோடை மழை பெய்ததும் சரிவுக்குக் குறுக்கே உழுதுவிட்டால் அடுத்த மழை ஓடாமல் உள்ளே இறங்கும். டிராக்டருக்கு ஒரு நாள் வாடகை.

சொட்டு நீர், காப்பீடு, மற்றவை

ஐந்து ஏக்கருக்குள் வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழ்நாட்டில் சொட்டு நீருக்கும் தெளிப்பு நீருக்கும் நூறு சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். கைப்பணம் அதிகம் வேண்டாம் என்பதால் இதைப் போருக்குப் போட்டியாக வைக்க வேண்டியதே இல்லை, எல்லோரும் செய்துகொள்ளலாம். காய்கறிக்குச் சொட்டு நீர், கடலைக்குத் தெளிப்பு நீர். மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் மிச்சமாவது நிச்சயம். ஒரு மணி நேரம் மட்டும் ஓடும் கிணற்றுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

சென்னையில் இருக்கும் நம் போன்றவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவு நகல்கள், சிறு விவசாயி சான்று எல்லாம் கேட்பார்கள். பட்டா இறந்துபோன அப்பா பேரிலேயே இருந்தால் எதுவும் நகராது. நாங்கள் அப்படித்தான் ஏழு வருடம் விட்டிருந்தோம், அந்த ஏழு வருடமும் எந்த மானியமும் கேட்க முடியவில்லை. ஊரில் பயிர் செய்கிறவர் கையைக் கட்டிப்போட்டது சென்னையில் இருந்த என் சோம்பல்தான். பட்டா மாற்றாதவர்கள் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சொட்டு நீர் போட்டு மிச்சமாகும் தண்ணீரில் இன்னும் ஒரு ஏக்கர் கூடுதலாகப் பயிரிட்டால் கிணறு பழையபடியே வறண்டுவிடும்.

பயிர்க் காப்பீடு தண்ணீர் தராது, ஆனால் கடன் வாங்காமல் காப்பாற்றும். உணவுப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் காரிஃப் என்னும் மழைக்காலப் பருவத்தில் 2 சதவீதம், ராபி என்னும் குளிர்காலப் பருவத்தில் 1.5 சதவீதம், மீதியை அரசுகள் கட்டுகின்றன. என் வயல் மட்டும் காய்ந்தால் பணம் வராது, அந்தப் பகுதியின் சராசரி விளைச்சலை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. வறட்சி ஊருக்கே பொதுவாக வருவது என்பதால், வறட்சிக்கு இந்த முறை அவ்வளவு மோசமில்லை. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அறிவித்து, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் தந்தது. உதவிதான், ஆனால் போட்ட முதலில் ஒரு பகுதிதான் திரும்பியது. கடைசித் தேதி வரை காத்திருக்காமல் அடங்கல் வாங்கியதும் கட்டிவிடுவது நல்லது.

தண்ணீரை லாரிக்கு விற்கலாம் என்று ஒருவர் அண்ணனிடம் யோசனை சொன்னார். பயிர் செய்வதைவிட அதில் காசு அதிகம், அது உண்மை. கோடையில் எங்கள் தெருவுக்கு வரும் லாரித் தண்ணீரும் இப்படி ஏதோ ஒரு வயற்காட்டுக் கிணற்றிலிருந்து வருவதுதான், அதை நானும் குடித்திருக்கிறேன். அதனால் விற்பவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் எங்கள் கிணற்றிலிருந்து லாரி ஏற்றினால் பக்கத்து நிலத்துக் கிணறும் சேர்ந்தே இறங்கும். இதை அண்ணன் ஒரே வார்த்தையில் "வேண்டாம்" என்று முடித்துவிட்டார்.

என்ன செய்தோம்

இரண்டரை லட்சத்தில் ஜேசிபி வைத்துக் குட்டை வெட்ட அறுபதாயிரம். கிணறு தூர்வாரி இடிந்த பக்கச் சுவரைக் கட்ட நாற்பதாயிரம். வண்டல் அடிக்க, உழவு ஓட்ட, குட்டைக்கு நீர் வரும் வாயில் மண் தங்கும் சிறு குழி எடுக்க முப்பதாயிரம். மீதி 1 லட்சத்து 20 ஆயிரத்தில் பெரும்பகுதியைத் தொடாமல் அண்ணி பேரில் வங்கியில் வைத்துவிடுவது. 2017இல் அண்ணி வளையலை அடகு வைத்துத்தான் மாட்டுக்குத் தீவனம் வாங்கினார்கள், வட்டி கட்டியே இரண்டு வருடம் போனது. மறுபடி அப்படி ஓர் ஆண்டு வந்தால் எடுக்க ஒரு தொகை இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

சம்பாவில் இரண்டு ஏக்கர் நெல், புழுதி விதைப்பு. நவரையில் நெல் கிடையாது, முக்கால் ஏக்கர் கடலை, ஒரு ஏக்கர் கேழ்வரகு, வரப்போரம் உளுந்து. நவரை நெல்லை ஒரு வருடம் மட்டும் விட்டுப் பார்க்கிறேன் என்றுதான் அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். அது நியாயம். இரண்டு வருடம் கழித்தும் கிணறு ஏறவில்லை என்றால் போர் பற்றிப் பேசுவோம் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

போன ஞாயிறு ஊருக்குப் போனபோது குட்டைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் கரை எந்தப் பக்கம் உயர்ந்திருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்க, அண்ணி வந்து கோட்டைச் சுற்றிப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் எல்லாம் இந்த வழியாகத்தான் நடந்து போகின்றன, தண்ணீர் நிற்பதற்கு முன்னால் வேலி போட்டாக வேண்டும் என்றார். எங்கள் கணக்கில் வேலிக்கு இடமே விட்டிருக்கவில்லை. அன்று மாலையே திருத்தணி கடைத்தெருவில் முள்கம்பி இரண்டு சுருள் வாங்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டுத்தான் நான் ரயில் ஏறினேன்.